முதல் மக் தண்ணீர் காலுக்கு

முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், அங்கே இருந்த ஈரோட்டு அமுச்சி (எங்கள் பக்கத்தில் பாட்டியை இப்படித்தான் கூப்பிடுவோம்) என் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார். ஈரக் கை, சத்தம் வராண்டா வரைக்கும் கேட்டது. அவருக்கு அப்போது 81 வயது. நாற்காலியில் உட்கார வைத்து, “தண்ணி ஊத்தறனுங்க அமுச்சி” என்று சொல்லிக்கொண்டே தலையில் ஒரு மக் வெந்நீரை ஊற்றியதுதான் நான் செய்த குற்றம். சொல்லிவிட்டு ஊற்றுவது வேறு, சொல்லிக்கொண்டே ஊற்றுவது வேறு என்பது கன்னம் எரியும்போதுதான் உறைத்தது.

அதற்கு முன்னால் கோயம்புத்தூரில் ஒரு நூல் மில்லில், நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங்கில் இருந்தேன். மில்லை மூடிவிட்டார்கள். 2013-ல், ஊருக்கு வெளியே இருக்கும் இந்த முதியோர் இல்லத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தேன். மாமியாரை இரண்டு வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன் என்றதும் வேறு எதுவும் கேட்காமல் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் மாமியாருக்கு நான் மருமகள். இங்கே இருந்த 34 பேருக்கும் நான் யாரோ. யாரோ ஒருத்தி விடியற்காலையில் வந்து புடவையை அவிழ்க்கச் சொன்னால் யார் அவிழ்ப்பார்கள்?

பதினோரு வருடம் ஓடிவிட்டது. அப்பா அம்மாவைக் குளிப்பாட்ட வேண்டிய நிலைக்கு வந்தவர்களும், ஹோம்களில் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளும் என்னிடம் கேட்பதுண்டு. அவர்களிடம் வாயால் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அறை வாங்கிய மறுநாள், அங்கே பல வருடமாக இருந்த அக்கா ஒருவர் என்கூடக் குளியலறைக்கு வந்தார். பாடம் எதுவும் எடுக்கவில்லை, செய்து காட்டினார். முதல் மக் தண்ணீரைப் பாதத்தில் ஊற்றினார். கொஞ்சம் நிறுத்தினார். அமுச்சி கால்விரலை அசைத்துப் பார்த்துக்கொண்டார். அடுத்தது முழங்கால். அப்புறம் கை. பிறகு மக்கை அமுச்சியிடமே கொடுத்து, “தோளுக்கு நீங்களே ஊத்திக்கோங்க” என்றார். தலைக்கு வருவதற்குள் உடம்புக்கு அந்தச் சூடு பழகிவிட்டது. தலைக்கு ஊற்றும் முன்னால் மடித்த சின்னத் துண்டு ஒன்றைக் கொடுத்துக் கண்ணை மூடிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். சோப்புத் தண்ணீர் கண்ணில் போகாது. “அதோட, துண்டப் புடிச்சிட்டு இருக்கற கை நம்மள அடிக்காது” என்று வெளியே வந்ததும் சொல்லிச் சிரித்தார்.

இன்று வரைக்கும் எனக்கு அந்த வரிசைதான். பாதம், முழங்கால், கை, தோள், கடைசியில் தலை. முடியாத நாளில் தலையை விட்டுவிடலாம். தலைக்கு ஊற்றாவிட்டால் குளித்த மாதிரியே இல்லை என்பது நம் ஊர்ப் பழக்கம், அது எனக்கும் தெரியும். ஆனால் எண்பது வயதில் தலையில் திடீரென்று தண்ணீர் விழுந்தால் ஒரு நிமிடம் மூச்சு முட்டும். சந்தேகம் இருந்தால், நீங்கள் எதிர்பாராத நேரத்தில் உங்கள் தலையில் ஒரு மக் தண்ணீரை ஊற்றச் சொல்லிப் பாருங்கள்.

என் கையால் நடந்த பெரிய தப்பு வெந்நீரில். வாத்தியார் ஐயா என்று நாங்கள் கூப்பிடும் ஒருவருக்குச் சர்க்கரை, இருபது வருடத்துக்கு மேல். ஒரு நாள் நகம் வெட்டுவதற்காக அவர் காலை ஊறவைக்கலாம் என்று பேசினில் ஹீட்டர் தண்ணீரைப் பிடித்துக் காலடியில் வைத்துவிட்டு, பச்சைத் தண்ணீர் எடுக்கத் திரும்பினேன். அதற்குள் அவரே வலது காலை உள்ளே வைத்துவிட்டார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. ஆற அமர உட்கார்ந்து, நேற்றுப் பார்த்த கிரிக்கெட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் திரும்பி வந்து தண்ணீரில் விரலை விட்டேன், பதறி எடுத்தேன். மறுநாள் பாதத்தில் கொப்புளம். ஆறுவதற்கு ஏழு வாரம் ஆனது. ஏழு வாரமும் கட்டு மாற்றும்போது நான்தான் பக்கத்தில் நின்றேன். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அன்றைக்குத் தெரிந்துகொண்டவை இவை. நாள்பட்ட சர்க்கரை இருப்பவர்களுக்குக் காலில் உணர்ச்சி மங்கியிருக்கும், சுடுவது தெரியாது. அவர்கள் காலை ஊறவைக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னார். கழுவித் துடைத்தால் போதும். வாளியிலோ பேசினிலோ முதலில் பச்சைத் தண்ணீர் விழ வேண்டும், அதன்மேல்தான் வெந்நீர். இந்த வரிசை மாறாமல் இருந்தால் நீங்கள் திரும்பி நிற்கும் நேரத்தில் யார் கையை விட்டாலும் ஆபத்தில்லை. கலக்கிய பிறகு அடி வரைக்கும் கையை விட்டுத் துழாவ வேண்டும், சூடு மேலேயே நிற்கும். அப்புறம் முழங்கையை நனைத்துப் பாருங்கள். உள்ளங்கையை நம்பாதீர்கள், அது தோசைக்கல்லிலும் பால் பாத்திரத்திலும் பழகிய தோல். எங்கள் இல்லத்தில் இப்போது ஒரு தெர்மாமீட்டர் தொங்குகிறது. 37, 38 டிகிரி இருந்தால் போதும். நமக்கு ‘இதென்ன, சுடவே இல்லையே’ என்று தோன்றும் சூடுதான் அவர்களுக்குச் சரியான சூடு.

குளியலறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, சொல்வதைச் செய்தால் சரி. கல்யாண வீடுகளில் போடும் வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், ஈரத் தரையில் அதன் கால் விரியும். காலுக்கு ரப்பர் புஷ் போட்ட கனமான ஸ்டூல் நல்லது, சாய்மானம் இருந்தால் இன்னும் நல்லது. சுவரில் கைப்பிடி வேண்டும். கைப்பிடி இல்லாத இடத்தில் பெரியவர்கள் குழாயைப் பிடிப்பார்கள், குழாய் ஆளைத் தாங்காது. உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். துண்டு, மாற்றுத்துணி, எண்ணெய், டயப்பர் எல்லாவற்றையும் ஆளை உட்கார வைக்கும் முன்பே கைக்கு எட்டும்படி வையுங்கள். எதையாவது மறந்துவிட்டு ‘ஒரே நிமிஷம்’ என்று வெளியே போவீர்களே, அந்த ஒரு நிமிடத்தில்தான் விழுவார்கள். சாப்பிட்ட கையோடு குளிக்க வைக்காதீர்கள், தலைசுற்றும்.

இனி வெட்கத்துக்கு வருகிறேன். இந்த வேலையில் பாதி இதுதான்.

சேர்ந்த புதிதில் எங்களுக்கு ஒரு நர்ஸ் பயிற்சி கொடுத்தார். கழுவாத பகுதியைப் பெரிய துண்டால் மூடி வைக்க வேண்டும், ஒவ்வொரு பகுதியாகத் திறந்து கழுவி மறுபடி மூட வேண்டும் என்றார். படுக்கையில் உடம்பு துடைப்பவர்களுக்கு அது சரிதான். ஆனால் குளியலறையில் உட்கார வைத்து ஊற்றும்போது துண்டு நனைந்து கனத்து, நழுவி விழுந்துகொண்டே இருக்கும். பாட்டிகள் இரண்டு கையாலும் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒடுங்கி உட்காருவார்கள்.

அதற்கு வழி காட்டியவர் பவானிக்காரப் பாட்டி. ஆற்றங்கரையில் வளர்ந்தவர். “துணியெல்லாம் அவுக்கச் சொல்றயே கண்ணு, நாங்க ஊரே பாக்கற எடத்துல குளிச்சவங்க, ஒரு நாளாச்சும் ஒருத்தன் எங்க ஒடம்பப் பாத்திருப்பானா?” என்று கேட்டுவிட்டு, பாவாடையை மேலே ஏற்றி மார்புக்கு மேல் முடிச்சுப் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். படித்துறையில் நம் பாட்டிமார் எல்லாரும் செய்ததுதானே. என் அம்மாவும் வாய்க்காலில் அப்படித்தான் குளித்தார். எனக்கு ஏன் அதுவரை தோன்றவில்லை என்று தெரியவில்லை. பயிற்சி என்றதும் கண்ணால் பார்த்துப் பழகியதெல்லாம் மறந்துபோகிறது போல.

இப்போது உட்கார முடிந்த பாட்டிகள் எல்லாருக்கும் அதுதான். பழைய பருத்திப் பாவாடை, நாடா தளர்வாக. மார்புக்கு மேல் கட்டிவிட்டு அதன் மேலேயே தண்ணீர் ஊற்றுவேன். சோப்புப் போட்ட துணியோடு கை பாவாடைக்குள் போகும், கண் போகத் தேவையில்லை. முதுகு, அக்குள், மார்புக்கு அடியில், வயிற்று மடிப்பு என்று ஒவ்வொன்றாக, எங்கே கை வைக்கப் போகிறேன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். முடிந்ததும் உலர்ந்த பாவாடையைத் தலை வழியாகப் போட்டு, அதை மார்பில் கட்டிய பிறகு உள்ளே இருக்கும் ஈரப் பாவாடையின் நாடாவை உருவினால் அது தானாகக் காலடியில் விழும். ஒரு நொடிகூட உடம்பு வெளியே தெரியாது. இதைப் பழகிய பிறகு ‘இன்னிக்கு வேண்டாம்’ என்று சொல்லும் பாட்டிகள் பாதியாகக் குறைந்தார்கள். உட்கார முடியாதவர்களுக்கு முன்பக்கம் முழுக்கத் திறக்கும் நைட்டி, மேலே அகலமான ஈரிழைத் துண்டு.

கீழே கழுவுவதைப் பற்றி யாரும் வாய் திறந்து பேசுவதில்லை, ஆகவே நான் பேசுகிறேன். முடிந்தவரை அவர்களே செய்யட்டும். மக்கைக் கையில் கொடுத்து, “கீழ கழுவிக்கிறீங்களா, நான் இந்தப் பக்கம் துண்டு மடிக்கிறேன்” என்று திரும்பிக்கொண்டால் போதும். முடியாதவர்களுக்கு நாம்தான் செய்ய வேண்டும். பெண்களுக்கு எப்போதும் முன்னாலிருந்து பின்னால். பின்னாலிருந்து முன்னால் கழுவினாலோ துடைத்தாலோ மலத்தில் இருக்கும் கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போய்விடும். பெரியவர்களுக்குச் சிறுநீரில் தொற்று வந்தால் காய்ச்சல்கூட இல்லாமல் போகலாம். நேற்று வரை நன்றாகப் பேசியவர் இன்று சம்பந்தமில்லாமல் பேசுவார், இல்லாத ஆளைக் கூப்பிடுவார். வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லிச் சிறுநீரைப் பரிசோதித்துவிடுங்கள். யூரின் டியூப் போட்டிருந்தால் உடம்பை ஒட்டிய இடத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும். பையை எப்போதும் இடுப்புக்குக் கீழேயே வைக்க வேண்டும், குளிக்க வைக்கும் அவசரத்தில் தூக்கி மடியில் வைக்கக் கூடாது.

ஆண்களுக்கு முன்தோலை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளிக் கழுவி, உலர்த்தி, மறுபடி முன்னால் கொண்டுவந்துவிட வேண்டும். கடைசி வேலையை மறந்தால் வீங்கிப் பெரிய வில்லங்கமாகிவிடும். எங்கள் இல்லத்தில் ஆண் அட்டெண்டர் ஒருவர்தான், அவர் லீவு போட்ட நாளில் நாங்கள்தான் செய்வோம். வாத்தியார் ஐயா முதல் தடவை சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். நான் பேச்சுக் கொடுத்தேன், பதில் இல்லை. அடுத்த தடவை நானும் பேசவில்லை. அதுதான் அவருக்குச் சரியாக இருந்தது. எல்லாரிடமும் கலகலப்பாகப் பேசிக்கொண்டே வேலை செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். சிலருக்கு நம் மௌனம்தான் திரைச்சீலை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சோப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போதே “நீங்க எந்த ஆளுங்க?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் தொட்டால் குளிக்க மாட்டேன் என்று சொன்னவரும் உண்டு. ஆபீஸில் சத்தமில்லாமல் வேறு ஆளை மாற்றிவிடுவார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான்: “தண்ணி ஆறுதுங்க பாட்டி.” அவர்கள் கேட்பதை விடவில்லை, நானும் பதிலை மாற்றவில்லை.

தினமும் குளிப்பாட்ட வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். வயதானவர்களின் தோல் மெலிந்து, எண்ணெய்ப் பசை வற்றிப்போயிருக்கும். தினமும் சோப்புப் போட்டுத் தேய்த்தால் முழங்காலுக்குக் கீழே மீன் செதில் மாதிரி உரிந்து அரிப்பு எடுக்கும். நாங்கள் வாரத்தில் மூன்று நாள் சோப்புக் குளியல் வைத்திருக்கிறோம். மற்ற நாட்களில் முகம், அக்குள், தொடையிடுக்கு, பாதம். சித்திரை வெயிலில் கேட்டால் வெறும் தண்ணீர் ஊற்றுவோம். “தெனமும் குளிக்க ஊத்தறதில்லையாமே” என்று பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். அம்மாவின் காலைத் தொட்டுக் காட்டினால் அமைதியாகிவிடுவார்கள். தண்ணீரில் மூடி மூடியாகக் கிருமிநாசினி ஊற்றும் பழக்கமும் வேண்டாம், தோல் இன்னும் காயும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, லேசான ஈரம் இருக்கும்போதே தேங்காய் எண்ணெயைத் தடவினால் அந்த ஈரம் உள்ளேயே நிற்கும். தரையில் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளங்காலுக்கு எண்ணெய் வேண்டாம், வழுக்கும். விரல் இடுக்குக்கும் வேண்டாம்.

பவுடர் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமை. குளித்ததும் கழுத்து, மார்பு எல்லாம் வெள்ளையாகக் கொட்டிவிட்டால் பார்க்க வருகிறவர்களுக்கு மனநிறைவு. வியர்வையோடு சேர்ந்து மடிப்புகளில் அது களியாகி, அடியில் தோல் வெந்து சிவக்கும். மார்புக்கு அடியில் புண் வந்த பாட்டிகளில் பாதிப் பேருக்குக் காரணம் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த பவுடர் டப்பாதான். மடிப்புகளைக் கழுவி, ஈரம் போக ஒற்றி, காற்றாட விடுங்கள். கால்விரல் இடுக்கும் அப்படித்தான், ஒவ்வொரு இடுக்காக மெல்லிய துணியால் துடைக்க வேண்டும்.

குளிப்பாட்டும் நேரம்தான் உடம்பு முழுவதையும் பார்க்கக் கிடைக்கும் நேரம். படுக்கைப்புண் முதலில் வருவது இடுப்புக்குக் கீழே வால் எலும்பு, குதிகால், இடுப்பு எலும்பின் பக்கவாட்டு, தோள்பட்டை. சிவந்திருந்தால் கவனி என்று பாடத்தில் எழுதியிருக்கும். நம் நிறத்துக்குச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ, கட்டியாகவோ, கொழகொழவென்றோ, கொஞ்சம் கூடுதல் கறுப்பாகவோ இருந்தால் அது ஆரம்பம். அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. அழுத்தம் படாமல் பார்க்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும், கெண்டைக்கால் அடியில் தலையணை வைத்துக் குதிகாலை மிதக்க விட வேண்டும்.

பக்கவாதம் வந்தவர்களுக்குச் சட்டை கழற்றும்போது நல்ல கை முதலில், போடும்போது வராத கை முதலில். பல்செட்டைக் கழுவும்போது வாஷ்பேசினில் கொஞ்சம் தண்ணீர் தேக்கி அதன்மேல் வைத்துக் கழுவுங்கள், நழுவி விழுந்தாலும் உடையாது. நாங்கள் இரண்டு செட்டை உடைத்த பிறகு கற்றது.

ஞாபகம் போனவர்கள் தனி. கோபிப் பக்கத்துத் தாத்தா ஒருவர், விவசாயி. எப்போது கூப்பிட்டாலும் “குளிச்சாச்சு” என்பார். இல்லை என்று வாதாடினால் கைத்தடி பறக்கும். குளியலறை வாசல் வரைக்கும் வந்த நாட்களிலும் சட்டென்று நின்றுவிடுவார். ஒரு நாள் அவர் பார்வை போன இடத்தை நானும் பார்த்தேன். வெள்ளை டைல்ஸ் தரை, நடுவில் கறுப்பு ரப்பர் மேட். அவருக்கு அது குழி. தரையில் குழி இருந்தால் யார் கால் வைப்பார்கள்? மேட்டை வெளிர் நிறத்தில் மாற்றினோம். பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மீதிப் பாதியை அவரே தீர்த்துக் கொடுத்தார். ஒரு மத்தியானம் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் போட்டோம். சத்தம் கேட்டதும் தாத்தா எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். வாழ்நாள் முழுக்கப் பம்புசெட்டில் குளித்த மனிதர். அதிலிருந்து அவருடைய குளியல் மோட்டார் ஓடும் நேரத்துக்கு மாறியது, காலை ஆறு மணியிலிருந்து பதினொன்றரைக்கு. “மோட்டார் போட்டாச்சுங்க ஐயா, தண்ணி வருது” என்பேன், வந்துவிடுவார். பைப்பில் டியூபை மாட்டித் தோளில் விழும்படி பிடிப்பேன். குதிகாலைத் தானே தேய்த்துக்கொள்வார். நான் நிதானமாகச் சோப்புப் போட்டால் அதட்டுவார்: “வெரசாப் போடு அம்மிணி, மூணு ஃபேஸ் கரண்டு போயிரும்!” அவர் தோட்டத்துத் தண்ணீர் வருவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாரே, அது பொய்தானே என்று புதிதாக வந்த பெண் ஒருத்தி கேட்டாள். பொய்தான். எனக்கு அதில் உறுத்தல் எதுவும் இல்லை.

உறுத்துவது வேறொன்று.

2018-ல் விருதுநகர் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி வந்து சேர்ந்தார். மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, பகலில் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. பாட்டிக்கு முழங்கால் மட்டும்தான் மக்கர், ஞாபகமெல்லாம் தெளிவு. திங்கள், புதன் கிழமைகளில் தானே பாவாடையை ஏற்றிக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். வெள்ளிக்கிழமை மட்டும் கட்டிலை விட்டு இறங்க மாட்டார்.

வெள்ளிக்கிழமை எங்கள் இல்லத்தில் பெண்களுக்கு எண்ணெய்க் குளியல். நாலு மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், அப்புறம் எண்ணெய் போகத் தேய்க்க அரப்பு இலைப்பொடி. பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவர் வெள்ளிதோறும் இளநீர் அனுப்புவார், குளித்து முடித்தவர்களுக்கு ஆளுக்கொரு டம்ளர் கொடுப்போம். எங்களுக்கு அதுதான் வாரத்திலேயே நல்ல நாள்.

முதல் வெள்ளி, புது இடம் என்று விட்டோம். இரண்டாவது வெள்ளி கெஞ்சினோம். மூன்றாவது வெள்ளி, பேன் இருக்கிறது, தலையைப் பார்த்தே ஆக வேண்டும் என்று சொல்லி, இன்னொரு பெண் கையைப் பிடித்துக்கொள்ள நான் உச்சியில் எண்ணெயை வைத்தேன். எழுதும்போது கூசுகிறது. பாட்டி சத்தம் போடவில்லை. உடம்பு கல்லாகிவிட்டது, உதடு உள்ளே மடிந்துவிட்டது. குளித்து முடித்து இளநீர் டம்ளரை நீட்டியபோது புறங்கையால் தட்டிவிட்டார். ராத்திரி வரைக்கும் எதையும் வாயில் வைக்கவில்லை. நோட்டில் ‘பிடிவாதம்’ என்று எழுதினேன். என் கையெழுத்துதான், இன்னும் இருக்கிறது.

மாதக் கடைசியில் மகள் பணம் கட்ட வந்தபோது, உங்க அம்மா இப்படிப் பண்றாங்க என்று புகார் மாதிரிச் சொன்னேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. “எங்க ஊர்ல எண்ண தேச்சு எளநி குடுத்தா என்ன அர்த்தம்னு ஒங்களுக்குத் தெரியாதாக்கா?” என்றாள்.

தலைக்கூத்தல் என்ற சொல்லை நான் பேப்பரில் பார்த்திருந்தேன். 2010-ல் அந்தப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், தனக்கு அது நடக்கப் போவது தெரிந்து வீட்டை விட்டுத் தப்பிப் போனார் என்று செய்தி வந்ததே, அப்போது. படுத்துவிட்ட முதியவர்களை விடியற்காலையில் தலை முழுக்க எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரைக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். உடம்பு குளிர்ந்து காய்ச்சல் கண்டு ஓரிரண்டு நாளில் முடிந்துவிடும். விருதுநகரிலும் அதைச் சுற்றிய தென்மாவட்டக் கிராமங்கள் சிலவற்றிலும் இருந்த வழக்கம். பேப்பரில் படித்ததற்கும் என் எண்ணெய்க் கிண்ணத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மகள் இன்னொரு பாதி வாக்கியமும் சொன்னாள். பாட்டியின் மாமியாருக்கு அப்படித்தான் நடந்ததாம். மூத்த மருமகள் என்பதால் எண்ணெய் வைத்தது...

அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் பாட்டி பக்கத்தில் போய் உட்கார்ந்து, தெரியாமல் செய்துவிட்டேன் என்றேன். “ஒனக்கு எப்படித் தெரியும் தாயி” என்றார். வேறு பேச்சு இல்லை. அவருக்கு வெள்ளிக்கிழமைக் குளியலையே எடுத்துவிட்டோம். தலைக்கு ஊற்றுவது திங்கட்கிழமை, எண்ணெய் இல்லாமல் அரப்பு மட்டும். பேனுக்கு மருந்துக்கடை லோஷனும் சீப்பும். காலில் தோல் வறண்டபோது தேங்காய் எண்ணெய் பாட்டிலை அவர் கையிலேயே கொடுத்தோம். வாளித் தண்ணீரை அவர் தொட்டுப் பார்த்துத் தலையை ஆட்டும் வரைக்கும் நாங்கள் மக்கைத் தொடுவதில்லை.

அதற்குப் பிறகு அட்மிஷன் ஃபாரத்தோடு ஒரு தாளையும் சேர்த்துக் கொடுக்கிறோம். நான் கேட்டு வாங்கிய மாற்றம் அது ஒன்றுதான். காலையிலா சாயங்காலமா, வெந்நீரா பச்சைத் தண்ணீரா, எங்கே குளித்துப் பழகியவர், குளிக்கும்போது எதைக் கட்டியிருப்பார், தலைக்கு எந்தக் கிழமை, எண்ணெய் உண்டா, சோப்பா கடலைமாவா, தானாக எதுவரை செய்துகொள்வார், தண்ணீர் தொடர்பாக ஏதாவது பயம் உண்டா. மகன்களில் முக்கால்வாசிப் பேர் பேனாவை வைத்துக்கொண்டு முழிப்பார்கள், பிறகு வீட்டுக்குப் போன் போடுவார்கள். மருமகள்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். சொந்த வீட்டில் பார்த்துக்கொள்பவர்களும் அம்மாவிடம் இவற்றை ஒரு தடவை கேட்டு வையுங்கள், அவர் தானே குளித்துக்கொண்டிருக்கும்போதே.

விருதுநகர்ப் பாட்டி இன்னும் எங்களோடுதான் இருக்கிறார். வெள்ளிக்கிழமை காலையில் எண்ணெய் காயும் வாசனை வந்ததும் வாக்கரைத் தள்ளிக்கொண்டு முன்வாசல் வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். நாற்காலியை ரோட்டைப் பார்த்துப் போட்டு வைத்திருப்போம். பத்து மணிக்கு மேல், இளநீர் மட்டைகளைக் குப்பை வண்டியில் ஏற்றிய பிறகுதான் உள்ளே வருவார்.